கப்பல் எங்கே இருக்கிறது? எந்தப் பக்கம் பார்க்கிறது?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இத்தகைய மேடையில் ஏறியவுடன் கடல் என்று வாயெடுத்தால், இராசேந்திர சோழன் கப்பலேறி வந்து கடாரம் வென்ற கதையைச் சொல்லாமல் இறங்குவது நமக்கு வழக்கமில்லை. அதை ஒவ்வோராண்டும் கேட்டுவிட்டீர்கள். இவ்வாண்டு அதற்கு விடுமுறை. நான் பேச வந்தது இன்றைய கப்பல்களின் கூரைமேல் இருக்கும் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பற்றி. "தோட்டப்பள்ளி வாத்தியாருக்குக் கப்பலில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அதற்குக் காரணம் ஒரு மாணவன் கேட்ட கேள்வி.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில், விண்மீன்களைக் கொண்டு திசையறிவது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஐயா, இப்பல்லாம் கப்பல்ல ஜிபிஎஸ் இருக்குல்ல? கப்பல் நின்னுக்கிட்டு இருந்தா, அது எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு ஜிபிஎஸ்ஸுக்கு எப்படித் தெரியும்?" என்றான். மணியடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. "அதெல்லாம் செயற்கைக்கோள் காட்டிவிடும், உட்கார்" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை சபைகூடல் முடிந்ததும் என்னிடம் வந்து நின்றான். "ஐயா, எங்க மாமா டக் போட்ல வேலை செய்றாரு. ஒரு ஜிபிஎஸ் மட்டும் இருந்தா கப்பல் எங்க இருக்குன்னுதான் தெரியுமாம். எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு தெரியாதாம். நீங்க சொன்னது தப்புன்னு சொன்னாரு" என்றான். குறை சொல்லும் குரலில்லை. எனக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு வந்து சொல்லும் குரல்.

பெற்றோர்களே, அந்தப் பையனுடைய மாமா சொன்னதுதான் சரி. அதில் எனக்குக் கூடுதல் வெட்கம் என்னவென்றால், அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. கடலிலேயே அந்தப் பாடத்தைப் படித்து, பயத்தில் உடம்பு நடுங்கிக் கரையேறியவன் நான்.

அது 2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். நாடெங்கும் புகைமூட்டம் கவிந்திருந்த மாதம் அது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிகளைக்கூடச் சில நாள் மூடினார்கள். அந்தப் புகையில் வீட்டில் கிடக்காமல், நண்பர்கள் மூவரும் நானும் கோலசிலாங்கூரில் ஒரு படகைப் பேசி மீன்பிடிக்கப் போனோம். அறிவாளிகள்! படகுக்காரர் வயதான மலாய்க்காரர்; பாக்சிக் என்று அழைத்தோம். ஆற்றுமுகம் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டோம். பதினொரு மணிக்கெல்லாம் கரை மறைந்துவிட்டது. சுற்றிலும் ஒரே வெள்ளை.

திரும்பலாம் என்று முடிவு செய்தபோது உச்சிப்பொழுது. நம் நாட்டில் செப்டம்பர் மாதத்து உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். நிழல் காலடியிலேயே விழும். ஆகவே சூரியனைப் பார்த்தும் கிழக்கு மேற்கு சொல்ல முடியாது. பாக்சிக் வலைச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். "நீங்க அதைப் பாருங்க, நான் ஓட்டுறேன்" என்று நண்பர் ஒருவர் சுக்கானைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவரிடம் கையடக்கமான ஒரு ஜிபிஎஸ் பெட்டி இருந்தது. திரையில் அம்புக்குறி ஒன்று மேற்கே காட்டியது. கரையோ கிழக்கே. "மூக்கு சுமத்திரா பக்கம் இருக்கு, திருப்பணும்" என்று சொல்லிப் படகை அப்படியே அரைவட்டம் திருப்பி, வேகமாக விட்டார்.

அம்புக்குறி மாறவில்லை. இன்னமும் மேற்கேதான் காட்டியது. "பெட்டி ஹேங் ஆயிடுச்சு" என்றார் நண்பர். இன்னொருவர் பெட்டியைத் தொடையில் தட்டிப் பார்த்தார். பேசிக்கொண்டே பத்து நிமிடம் ஓடியிருப்போம். அப்பொழுது புகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக, அடிவயிற்றில் அதிர்கிற சத்தம். ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும், முன்னைவிடப் பக்கத்தில். பார்வை மங்கிய கடலில் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் இரண்டு நிமிடத்திற்கு மேல் இடைவெளி விடாமல் நீண்ட ஊதல் ஊத வேண்டும் என்பது கடல் சட்டம். போர்ட் கிளாங்கிற்கு வருகிற பெரிய கப்பல் ஒன்று, எங்களுக்குக் கண்ணில் தெரியாமல், எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தது.

பாக்சிக் தலையை நிமிர்த்தினார். "மானா மாவ் பெர்கி? சுமத்ரா கா?" என்று ஒரே அதட்டல். எங்கே போகிறீர்கள், சுமத்திராவுக்கா என்று கேட்கிறார்! பழைய பால்மாவு டின் ஒன்றைத் திறந்து, துணியில் சுற்றிய காந்தத் திசைகாட்டியை எடுத்தார். எஞ்சினுக்குத் தூரமாய், படகின் முன்பக்கத்துப் பலகையில் வைத்தார். முள் ஆடி நின்றது. நாங்கள் மேற்கே ஓடிக்கொண்டிருந்தோம். அவர் சுக்கானைப் பிடுங்கித் திருப்பினார். வழிநெடுக எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நடந்தது என்ன? பெட்டி கெட்டுப்போகவில்லை. அது உண்மையைத்தான் சொன்னது. நாங்கள்தான் அதை வேறாகப் புரிந்துகொண்டோம். எஞ்சின் நின்றிருந்தபோது படகின் மூக்கு கரையைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் நீர் வற்றும் நேரம். ஆற்றுநீரும் கடல்நீருமாகப் படகைப் பின்பக்கமாக மேற்கே இழுத்துக்கொண்டு போனது. ஜிபிஎஸ் என்ன செய்யும்? ஒரு வினாடிக்கு முன் இங்கே இருந்தாய், இப்பொழுது அங்கே இருக்கிறாய், ஆகையால் இந்தப் பக்கம் நகர்கிறாய் என்று கணக்குப் போட்டு அம்பு வரையும். நகர்கிற திசைதான் அதற்குத் தெரியும். மூக்கு இருக்கிற திசை தெரியாது. சந்தையிலே கூட்டம் உங்களை முதுகுப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால், உங்கள் முகம் ஒரு பக்கம், போகிற வழி ஒரு பக்கம் அல்லவா? அதுபோலத்தான்.

மாணவர்களே, இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இருக்குமிடம் ஒன்று, முகம் பார்க்கும் திசை இன்னொன்று. கடலோடிகள் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் காலம் காலமாகத் தேடியிருக்கிறார்கள்.

உங்களில் பலருடைய பாட்டன், பூட்டன் 'ரஜூலா' கப்பலில் வந்தவர்கள். 1926இல் கட்டிய கப்பல். எங்கள் கொள்ளுத்தாத்தாவும் அதில்தான் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கினார். மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து வந்ததைப் பற்றி வீட்டில் சொல்வார்கள். அவர் படுத்துக் கிடந்தபோது, மேலே கேப்டன் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்? அந்தக் காலத்துக் கப்பல்களில் திசைக்குக் காந்தத் திசைகாட்டி. இடத்திற்குச் சூரியனும் விண்மீனும். செக்ஸ்டன்ட் என்ற கருவியால் அவற்றின் உயரத்தை அளந்து, துல்லியமான கடிகாரத்தைப் பார்த்து, அட்டவணையைப் புரட்டிக் கணக்குப் போடுவார்கள். மேகம் மூடிவிட்டால் அதுவும் இல்லை. இவ்வளவு வேகத்தில், இந்தத் திசையில், இத்தனை மணி நேரம் வந்தோம், ஆகையால் இங்கே இருப்போம் என்று உத்தேசமாய்ப் படத்தில் புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளியை நம்பித்தான் நிக்கோபார் தீவுக்கும் சுமத்திரா முனைக்கும் நடுவே நம் பெரியவர்கள் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

காந்தத் திசைகாட்டிக்கு ஒரு கஷ்டம் உண்டு. அது பூமியின் உண்மையான வடக்கைக் காட்டாது. காந்த வடக்கைக் காட்டும். நம் கடற்பகுதியில் இந்த வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை என்பதால் நமக்குக் கவலை குறைவு. சில நாடுகளில் பத்து, இருபது பாகைகூட வரும். அதைவிடப் பெரிய தொல்லை, கப்பலே இரும்பு. முள்ளைத் தன் பக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்டத்தான் பழைய கப்பல் படங்களில் திசைகாட்டியின் இரு பக்கமும் இரண்டு இரும்புக் குண்டுகள் வைத்திருப்பதைக் காண்பீர்கள். பாக்சிக் எஞ்சினை விட்டுத் தள்ளி வைத்தாரே, அதுவும் இதற்குத்தான்.

பிறகு ஜைரோ திசைகாட்டி வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த அன்ஷூட்ஸ்-கேம்ஃபே என்பவர் நீர்மூழ்கியில் வடதுருவம் போக ஆசைப்பட்டார். துருவத்தருகே காந்த முள் உதவாது. எனவே வேகமாய்ச் சுழலும் பம்பரத்தைக் கொண்டு திசை காட்டும் கருவியைச் செய்தார். 1908இல் அது போர்க்கப்பலில் ஏறியது. 1911இல் அமெரிக்காவில் எல்மர் ஸ்பெரி தம்முடையதைச் சோதித்தார். சுழலும் பம்பரம் பூமியின் சுழற்சியை உணர்ந்து உண்மை வடக்கிற்குத் திரும்பி நிற்கும். இரும்பு அதை ஏமாற்றாது. பெரிய கப்பல்களில் இன்றும் அதுதான் முதன்மை. ஆனால் விலை அதிகம், பராமரிப்பு அதிகம். போட்டவுடன் வேலைக்கு ஆகாது. நிலைக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும். விசித்திரம் என்னவென்றால், துருவத்தை மிகவும் நெருங்கினால் இதுவும் தடுமாறும்!

இடம் அறிவதற்குச் செயற்கைக்கோள் வந்த கதையில் ஒரு துயரம் இருக்கிறது. 1983 செப்டம்பர் 1ஆம் நாள், அலாஸ்காவிலிருந்து சியோலுக்குப் பறந்த கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் போய்விட்டது. சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் மாண்டனர். தானோட்டி ஒரே காந்தத் திசையைப் பிடித்துக்கொண்டே போயிற்று என்றும், அதை விமானிகள் கவனிக்கவில்லை என்றும் பின்னர் விசாரணையில் தெரிந்தது. பாருங்கள், எங்கள் படகில் இடம் தெரிந்தது, திசை தெரியவில்லை. அவர்களுக்குத் திசை இருந்தது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது தெரியவில்லை. அந்த மாதமே அமெரிக்க அதிபர் ரீகன், இராணுவத்துக்காக அமைத்துக்கொண்டிருந்த ஜிபிஎஸ் முடிவடைந்ததும் உலகத்தார் அனைவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார். முதல் கோள் 1978இல் ஏறியிருந்தது. முழு ஏற்பாடும் 1995இல் நிறைவு பெற்றது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் அலையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதம் நிறுத்தினார்கள். இன்று ரஷ்யாவுக்கு, ஐரோப்பாவுக்கு, சீனாவுக்குத் தனித்தனிக் கோள்கள் உண்டு.

அது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் 30 கோள்கள் அளவில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "இப்பொழுது மணி இத்தனை, நான் இங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் கூவிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரல் வானொலி அலை. ஒளியின் வேகத்தில் வரும். நேர் மேலே இருக்கும் கோளிலிருந்து நம்மிடம் வர ஏறத்தாழ 0.07 வினாடி. எவ்வளவு தாமதமாய் வந்தது என்று பார்த்தால் எவ்வளவு தூரம் என்று தெரியும். நான்கு கோள்களின் தூரம் தெரிந்தால் நம் இடமும் நேரமும் கிடைத்துவிடும். நேரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வினாடி பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகும். ஆகவேதான் கோள்களில் அணுக்கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அப்படியும் சில மீட்டர் பிழை வரும்.

இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். அவன் மாமா என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாங் துறைமுகத்திற்கு வரச் சொல்லி, தான் வேலை செய்யும் இழுவைப் படகைக் காட்டினார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைதான் அவரும். சுக்கான் அறையின் கூரைமேல் சோற்றுச் சட்டியைக் கவிழ்த்தாற்போல் ஒரு வெள்ளை மூடி. "இதுதாங்க ஐயா செயற்கைக்கோள் திசைகாட்டி. உள்ள ஒரு ஏரியல் இல்ல, ரெண்டு மூணு இருக்கு" என்றார். அறைக்குள் இரண்டு எண்களைக் காட்டினார். படகு கயிறு கட்டி அசையாமல் நிற்கிறது. ஒன்று ஜிபிஎஸ் காட்டும் நகரும் திசை: 37 என்றது, 190 என்றது, 305 என்றது. பைத்தியம் பிடித்தாற்போல் ஓடியது. நகராத படகுக்கு நகரும் திசை ஏது? மற்றது மூக்கின் திசை: 214. அங்கேயே நின்றது. பின்னத்தில் கொஞ்சம் ஆடியதே தவிர, 214ஐ விட்டுப் போகவில்லை. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தேநீர் கொண்டுவந்து வைத்து, அது ஆறியும் போயிற்று.

இரண்டு ஏரியல் இருந்தால் எப்படித் திசை தெரியும்? பிள்ளைகளே, திடலில் நீங்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையாய் என்னை நோக்கி நடந்து வருகிறீர்கள் என்று வையுங்கள். நான் ஒரு நீண்ட மூங்கிலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மூங்கில் உங்கள் வரிசைக்கு நேராக இருந்தால் இரு முனையையும் ஒரே நேரத்தில் தொடுவீர்கள். நான் கொஞ்சம் திரும்பி நின்றால்? ஒரு முனையை முதலில் தொடுவீர்கள், மறுமுனையைப் பிறகு. எவ்வளவு முந்தித் தொட்டீர்கள் என்பதிலிருந்து மூங்கில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணக்குப் போடலாம். மூங்கிலின் இரு முனைதான் இரண்டு ஏரியல். வரிசை வரிசையாய் வரும் பிள்ளைகள்தான் கோளிலிருந்து வரும் அலைகள்.

அந்த அலையில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடைவெளி ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஏரியல் இரண்டும் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், கப்பல் அரைப் பாகை திரும்பினால் ஒரு முனை முன்னே வருவது 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. சுண்டுவிரல் நகத்தின் அகலம்! அலையின் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து அந்த நகத்தளவை அது அளந்துவிடுகிறது. ஏரியல்களுக்கு இடையில் தூரம் கூடக் கூடத் துல்லியமும் கூடும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இடத்தில் சில மீட்டர் பிழை வரும் என்றேன். பிறகு மில்லிமீட்டர் அளக்கும் என்கிறேன். பொய் சொல்கிறேனா? தோட்டத்தில் பால் நிறுக்கும் பெற்றோருக்கு இது எளிதில் விளங்கும். தராசு ஒரு கிலோ கூடக் காட்டுகிறது என்று வையுங்கள். உங்கள் வாளி 21, பக்கத்து நிரைக்காரர் வாளி 19 என்று காட்டும். இரண்டும் தப்பு. ஆனால் உங்களுடையது இரண்டு கிலோ கூடுதல் என்பது தப்பா? இல்லையே. ஒரே தராசின் ஒரே பிழை இரண்டிலும் இருப்பதால், கழிக்கும்போது அது மறைந்துவிடுகிறது. கோளின் கடிகாரப் பிழை, அலை காற்றுமண்டலத்தைக் கடக்கும் தாமதம் எல்லாம் ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு ஏரியலுக்கும் ஒன்றுபோலத்தான் வரும். கழித்தால் போயிற்று. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. பிழையுள்ள இரண்டிலிருந்து பிழையில்லாத ஒன்று!

இன்னொரு சிக்கலும் உண்டு. அலையின் பின்னத்தை அளக்கலாம். முழு அலை எத்தனை வந்தது என்பது தெரியாது. எல்லா வரிசையும் ஒரே சீருடை போட்டு வந்தால், முதல் முனையைத் தொட்டது மூன்றாம் வரிசையா நான்காம் வரிசையா என்று எப்படிச் சொல்வது? கருவி, கண்ணுக்கெட்டிய எல்லாக் கோளிடமும் கேட்கும். ஒரு கோளுக்குப் பொருந்தும் விடைகள் பல இருக்கும். அத்தனை கோளுக்கும் ஒருங்கே பொருந்துகிற விடை ஒன்றுதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் போட்டதிலிருந்து சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது ஏரியல் இருந்தால் கப்பல் முன்னும் பின்னும் ஆடுவது, பக்கவாட்டில் சாய்வது எல்லாமே கிடைக்கும். ஜப்பானின் ஃபுருனோ போன்ற நிறுவனங்கள் இதைச் சிறிய மீன்பிடிப் படகுக்கும் செய்து விற்கின்றன. இரும்பு இதை இழுக்காது, சுழலும் பம்பரமும் இல்லை.

இத்திசை எதற்கு இவ்வளவு முக்கியம் என்றால், ரேடாரில் தெரியும் புள்ளி வடக்கே இருக்கிறதா கிழக்கே இருக்கிறதா என்று சொல்வதற்கே முதலில் நம் மூக்கின் திசை வேண்டும். மின்படத்திற்கு வேண்டும், தானோட்டிக்கு வேண்டும். மலாக்கா நீரிணை தெற்கே போகப்போக ஒடுங்கி, சிங்கப்பூர் அருகே பிலிப்ஸ் கால்வாயில் மூன்று கிலோமீட்டர்கூட இல்லாமல் ஆகிவிடும். அங்கே நீரோட்டத்தில் கப்பல் நண்டு மாதிரிச் சாய்ந்துதான் போகும். மூக்கு ஒரு பக்கம், வழி ஒரு பக்கம். இரண்டும் மாலுமிக்குத் தெரிந்தாக வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் அந்தச் சட்டியிடம் ஒப்படைத்துவிடலாமா? மாமா சிரித்தார். "மாட்டோம் ஐயா" என்றார். பெரிய கப்பலுக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கும்போது பாதி வானம் மறைந்துவிடுமாம். கொஞ்ச நேரம் உள்ளிருக்கும் உணர்கருவிகளைக் கொண்டு தாக்குப்பிடிக்கும். ரொம்ப நேரம் ஆகாது. வேண்டுமென்றே அலையைக் கெடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2017 ஜூன் மாதம் கருங்கடலில் இருந்த பல கப்பல்களின் ஜிபிஎஸ், நீங்கள் ஒரு விமான நிலையத்தில் இருக்கிறீர்கள் என்று காட்டியது. தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் கப்பலுக்கு!

அதற்கு முன்பே ஒரு பாடம் நடந்திருக்கிறது. 1995 ஜூன் மாதம், 'ராயல் மெஜஸ்டி' என்ற உல்லாசக் கப்பல் பெர்முடா தீவிலிருந்து பாஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. உள்ளே 1,500க்கும் மேற்பட்டோர். புறப்பட்டுச் சிறிது நேரத்தில் ஜிபிஎஸ் ஏரியலின் கம்பி கழன்றுவிட்டது. கருவி அலறவில்லை. சிறு எழுத்தில் ஒரு குறியை மட்டும் காட்டிவிட்டு, பழைய கேப்டன்கள் மேகமூட்டத்தில் செய்தார்களே, அந்த உத்தேசக் கணக்கைத் தானே போட ஆரம்பித்தது. காற்றும் நீரோட்டமும் தள்ளுவது அதற்குத் தெரியாது. அந்தச் சின்னக் குறியை யாரும் கவனிக்கவில்லை. ஒன்றரை நாள் அளவுக்கு, ஒரு மாலுமி மாற்றி ஒரு மாலுமி, படத்தில் தெரிந்த புள்ளியையே நம்பினார்கள். வழியில் பார்க்க வேண்டிய மிதவை ஒன்றைப் பார்க்காமலே, பார்த்ததாகக் கடந்து போனார்கள். ஜூன் 10 இரவு, நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் கப்பல் ஏறி நின்றது. போகவேண்டிய வழியிலிருந்து 17 மைல் விலகியிருந்தது. நல்ல வேளை, ஒருவருக்கும் காயமில்லை.

இந்தக் கதையை மாமாவிடம் சொன்னேன். அவர் பேசாமல் என்னைச் சுக்கானுக்கு மேலே பார்க்கச் சொன்னார். அங்கே, மின்சாரமும் வேண்டாத, ஏரியலும் வேண்டாத காந்தத் திசைகாட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை நம்பாத ஒரு திசைகாட்டி எல்லாக் கப்பலிலும் இருக்க வேண்டும் என்பது இன்றும் அனைத்துலகச் சட்டம். பாக்சிக்கின் பால்மாவு டின் என் ஞாபகத்திற்கு வந்தது.

அந்தப் பையனின் பெயர் இன்றைய பரிசுப் பட்டியலில் இல்லை. தேர்வில் அவன் எடுத்த மதிப்பெண் அவன் தாயாருக்குத் தெரியும். அவர் இங்கேதான் இருக்கிறார், அதை நான் மேடையில் சொல்லப் போவதில்லை. 'உட்கார்' என்று நான் சொன்ன அதே வகுப்பில், எல்லார் முன்னிலையிலும், நான் சொன்னது தவறு என்று அடுத்த வாரமே சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

வரும் திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் அந்த மூங்கில் சோதனையைத் திடலில் செய்யப்போகிறோம். மூங்கிலை வெட்டி வைத்தாகிவிட்டது. ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனைக்கு ஆள் வேண்டும். வரிசையாய் நடந்துவர முப்பது பேர் வேண்டும். நேரம் பார்க்கக் கைப்பேசி உள்ள பெற்றோர் இரண்டு பேர் வந்தால் நல்லது. மழை வந்தால் சிற்றுண்டிச்சாலையில் வைத்துக்கொள்வோம்.